அப்பத்தாவின் தண்டட்டியும் சில இலவச மென்பொருள்களும்

போன தை மாதம் அப்பத்தா கருமாத்தூரிலிருந்து டவுன் பஸ் ஏறி என் கடைக்கு வந்தது. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "ஏத்தா, நான் போனப்புறம் போஸ்டர்ல போட ஒரு நல்ல போட்டோ வேணும். இப்பவே எடுத்து வெச்சுரு. ரேஷன் கார்டு படத்தப் பெருசாக்கி என்னய அசிங்கப்படுத்திராதீக" என்றது. ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பத்தா சிரிக்கவில்லை.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காதுகுத்துக்கு பிளெக்ஸ், கல்யாணத்துக்கு பிளெக்ஸ், வீட்டுப் பெரியவர் போனால் விடிவதற்குள் பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி. அந்த அவசரத்தில் வீட்டில் யாருக்கும் நல்ல படம் கிடைக்காது. சித்தப்பா தவறியபோது ஆதார் அட்டையில் இருந்த படத்தைத்தான் நாலடிக்கு இழுத்தார்கள். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக, கண் எது மூக்கு எது என்று தெரியாமல். அப்பத்தா அந்த போஸ்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்து அழுதது. அதை மறக்கவில்லை போலிருக்கிறது.

எனக்குச் செக்கானூரணியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போட்டோ எடிட்டிங் என் தொழில் கிடையாது. ஆனால் நாளில் பாதி நேரம் அதில்தான் போகிறது. "அக்கா, காசு போடாம எதுல எடிட் பண்ணலாம்?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை எழுதிவைக்கலாம் என்று பார்க்கிறேன். அப்பத்தா படத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

கடை ஆரம்பித்தபோது இருந்தது போட்டோஷாப்தான். வாங்கியது இல்லை, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தவர் எங்கிருந்தோ கிராக் போட்டுக் கொடுத்தது. அது திருட்டு என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, நானும்தான். ஒரு நாள் காலையில் சிஸ்டத்தைப் போட்டால் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் வாயில் நுழையாத ஒரு வால் முளைத்திருக்கிறது. ஒன்றும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திறந்தது. கிராக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ்தான் என்றான் சர்வீஸ் பையன். மூன்று வருடத்து ஸ்கேன்கள் போயின, அவற்றோடு என் மகனின் முதல் மொட்டைப் படங்களும். காசு கொடுத்து முறையாக வாங்கலாம் என்றால், 2013-லிருந்து போட்டோஷாப் சந்தா முறைக்குப் போய்விட்டது. பத்து ரூபாய் பிரிண்ட்டில் ஓடுகிற கடைக்கு அது கட்டாது. அப்படித்தான் இலவசப் பக்கம் வந்தேன்.

வந்த பிறகு தெரிந்தது, இலவசத்திலும் ரகம் ரகமாக இருக்கிறது. படத்தைப் பார்க்கவும் அளவு மாற்றவும் இர்ஃபான்வியூ என்று ஒன்று உண்டு. போஸ்னியாவில் பிறந்து ஆஸ்திரியாவில் இருக்கிற இர்ஃபான் ஸ்கில்யான் என்பவர் 1996-லிருந்து தனி ஆளாகச் செய்துகொண்டிருக்கிறார். விண்டோஸில் மட்டும் ஓடும். பார்க்கப் பழைய காலத்து மளிகைக் கடை மாதிரி இருக்கும், ஆனால் கேட்டது கேட்ட நொடியில் கைக்கு வரும். இது வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம். கடை, ஆபீஸ் என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். நான் அதைப் படிக்காமலே ரொம்ப நாள் ஓட்டினேன். படித்த பிறகு வாங்கினேன். என் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரே மென்பொருள் அதுதான்.

விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படம் 20-லிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10-லிருந்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகள் போனில் எடுத்து வருவது நாலு எம்பி, ஐந்து எம்பி. அதை அப்படியே தரத்தைக் குறைத்துக் குறைத்து 50 கேபிக்குள் அமுக்கப் பார்ப்பார்கள். முகம் நனைந்த பேப்பர் மாதிரி ஆகிவிடும். முதலில் குறைக்க வேண்டியது அளவை. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 413-க்கு 531 பிக்சல் போதும். அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தரத்தைப் பெரிதாகக் குறைக்காமலே 50 கேபிக்குள் அடங்கிவிடும். இர்ஃபான்வியூவில் சேமிக்கும்போது இத்தனை கேபிக்குள் வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தாலும் கேட்கும். பள்ளிக்கூட ஐடி கார்டுக்கு அறுபது படம் மொத்தமாக வந்தால் 'பி' எழுத்தைத் தட்டினால் மொத்தத்தையும் மாற்றுகிற பெட்டி திறக்கும், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும்.

ஆனால் அது அளவு மாற்றத்தான். அப்பத்தா படத்துக்கு அது உதவாது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் எடுத்தேன். திண்ணையில், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால், சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழ. அப்பத்தா நல்ல சேலை கட்டி, கையைக் கும்பிட்டபடி உட்கார்ந்தது. போஸ்டரில் எல்லாரும் கும்பிடுகிறார்களே, அதனாலாம். காதில் தண்டட்டி. எங்கள் பக்கத்துப் பழைய பெண்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், தங்கத் தகட்டில் செய்து உள்ளே அரக்கு அடைத்தது. காது தோள்வரை தொங்கும். முன்கையில் தேளும் கோலமுமாகப் பச்சை குத்தியது. முகத்துச் சுருக்கத்தை எண்ண முடியாது.

சுவரை எடுத்துவிட்டு ஸ்டுடியோ மாதிரி நீலம் போட வேண்டும் என்பது உத்தரவு. சோம்பேறித்தனத்தில், போனில் ஒரே தட்டில் எல்லாம் செய்யும் ஒரு ஆப்பில் போட்டேன். பெயர் வேண்டாம், நீங்களும் வைத்திருப்பீர்கள். மூன்று நொடியில் படம் வந்தது. வெள்ளைச் சுவரும் வெள்ளை முடியும் ஒன்றென்று நினைத்து முடியில் பாதியைச் சுவரோடு எடுத்துவிட்டது. இடது தண்டட்டியைக் காணோம். வலது காதில் தண்டட்டி இருந்தது, காதின் ஓட்டை அடைபட்டிருந்தது. கையில் பச்சை, அழுக்கு என்று நினைத்துத் துடைத்தாகிவிட்டது. முகத்தைச் சும்மா விடுமா? சுருக்கத்தையெல்லாம் இழுத்துத் தேய்த்து, நிறத்தை நாலு படி ஏற்றி, உதட்டில் லேசாகச் சாயமும் பூசியிருந்தது.

அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆரு, மில்லுக்காரன் பொண்டாட்டியா?" என்றது.

நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் இது உண்டுதான். 'கொஞ்சம் வெளுப்பா வெச்சுரவா?' என்று கேட்பதுகூட இல்லை, அது கூலியிலேயே சேர்ந்தது. இப்போது அந்த ஸ்டுடியோக்காரரை எடுத்து போனுக்குள் வைத்திருக்கிறார்கள். பல போன்களில் முன்பக்கக் கேமராவில் பியூட்டி என்பது நாம் போடாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் அணையுங்கள். எந்த மென்பொருளும் அது அழித்ததைத் திரும்பக் கொண்டுவராது.

அன்றைக்கு எனக்கு நானே ஒன்று வைத்துக்கொண்டேன்: இருப்பதை அழிப்பதில்லை, இல்லாததைச் சேர்ப்பதில்லை. தூசி, வெளிச்சம், பின்னணி இவை மட்டும்தான் என் வேலை. அப்படிப் பார்க்கும்போது மென்பொருளை எடைபோடுகிற தராசே மாறிவிடுகிறது. எது வேகம் என்பதைவிட, எது நான் சொல்லாததைச் செய்யாமல் இருக்கும் என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் பழைய பெயிண்ட்டையே ஒரு தடவை திறந்து பாருங்கள். 2023-ல் அதில் லேயரும் (படத்தின்மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது) பின்னணி நீக்கும் பட்டனும் வந்துவிட்டன. தனியாக எதையும் இறக்க வேண்டாம். கரும்பச்சைச் சுவருக்கு முன்னால் நிற்கிற காலேஜ் பையனுக்கு அது தாராளம். பெயிண்ட் டாட் நெட் வேறு. அதுவும் விண்டோஸுக்கு மட்டும், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மாணவர் திட்டமாக 2004-ல் தொடங்கியது. கடையிலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனியுங்கள், அவர்களுடைய சொந்தத் தளத்தில் இறக்கினால்தான் காசில்லை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கு விலை உண்டு. கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். புதிய பதிப்பு பழைய 32-பிட் சிஸ்டத்தில் ஏறாது என்பதால் ஊரில் பாதிக் கம்ப்யூட்டருக்கு அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேன்வா என்ற டிசைன் தளம் வாழ்த்து அட்டை, அழைப்பிதழுக்கு நல்லது. பின்னணியை எடுக்கப் போனால் காசு கேட்கும். பின்னணி நீக்கும் இணையதளங்கள் சிலவற்றில் சின்ன அளவுப் படம் இலவசம், பெரிது வேண்டுமென்றால் காசு. வாட்ஸப் டிபிக்குப் போதும், போஸ்டருக்கு ஆகாது.

போட்டோபீ தனி ரகம். இவான் குட்ஸ்கிர் என்பவர் செய்தது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரில் தளத்தைத் திறந்தால் போட்டோஷாப்பின் தம்பி மாதிரி ஒன்று வந்து நிற்கும். பட்டன்கள் முக்கால்வாசி அதே இடத்தில். படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு எங்கும் போவதில்லை, வேலையெல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. தளம் திறக்கிற வரைக்கும்தான் நெட் வேண்டும். ஓரத்தில் விளம்பரம் ஓடும், முக்கியமாக அதில்தான் அவர் சம்பாதிக்கிறார். எனக்கு அது எப்போது வேண்டுமென்றால், டவுனில் பிளெக்ஸ் அடிக்கிறவர்கள் பிஎஸ்டி ஃபைலை, அதாவது போட்டோஷாப்பின் சொந்த வடிவத்தை, அனுப்பும்போது. பிஎஸ்டியை அத்தனை லேயரோடும் திறப்பதில் இலவசத்தில் அதற்குச் சமானம் நான் பார்த்ததில்லை.

பிஎஸ்டி என்றதும் ஒரு தலைவலி. பிளெக்ஸ் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது. அது யூனிகோடு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை, கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தது. உங்கள் சிஸ்டத்தில் பாமினி இல்லையென்றால் 'காதணி விழா' இருக்கிற இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். மென்பொருள்மேல் பழியைப் போடாதீர்கள். எழுத்துருவை வாங்கிப் போடுங்கள், இல்லையென்றால் யூனிகோடில் திரும்ப அடியுங்கள்.

கடைசியில் அப்பத்தாவுக்கு நான் உட்கார்ந்தது கிம்ப்பில். நரி மாதிரி ஒன்று வாயில் பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டு நிற்குமே, அது. ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்று பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் 1995-ல் தொடங்கியது. இப்போது உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து செய்கிறார்கள். வீட்டுக்கும் இலவசம், கடைக்கும் இலவசம், விளம்பரம் இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதில் ஒளிவுமறைவு கிடையாது, நிரலையே திறந்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் ஊரே அதை வைத்திருக்கவில்லை? முதல் வாரம் அழ வைக்கும், அதனால்தான். நான் முதன்முதலில் செய்த படத்தை 'சேவ்' கொடுத்து பென் டிரைவில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனேன். அங்கே திறக்கவில்லை. கிம்ப்பில் சேவ் என்றால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' போக வேண்டும். அது தெரியாமல் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு எனக்கு இன்னும் கணக்கில் இருக்கிறது. எந்த லேயரில் நிற்கிறோம் என்று பார்க்காமல் பிரஷ்ஷை ஓட்டிவிட்டு, ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று முழிப்பது அடுத்தது. பட்டன்களின் பெயரும் இடமும் போட்டோஷாப்பில் பழகின கைக்கு எரிச்சலாக இருக்கும். பழகாத கைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. என்னைவிடப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

2025 மார்ச்சில் 3.0 வந்தது. அதற்கு முந்தைய பெரிய பதிப்பு 2018-ல், ஏழு வருடக் காத்திருப்பு. அதில் எனக்குப் பிடித்தது, ஃபில்டர் போட்டால் படத்தில் கரைந்துவிடாமல் தனியாக நிற்கிறது. நாளைக்கு வந்து அதை மட்டும் அணைக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். ராத்திரி பத்து மணிக்குச் செய்த அழகு காலையில் அசிங்கமாகத் தெரியும் என்பது எடிட் செய்கிறவர்களுக்குத் தெரியும். தமிழும் ஒழுங்காக வரும். யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து ஓடாது.

இரண்டு ராத்திரி ஆனது. காதைச் சுற்றிப் 'பாத்' கருவியால் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தேன். தண்டட்டியின் மூலைகள் கூர்மையானவை, அங்கே கோடு சுளீரென்று திரும்ப வேண்டும். காதுமடலின் ஓட்டைக்குத் தனியாக ஒரு கோடு. தண்டட்டி இரண்டையும் தனித்தனி லேயரில் வைத்துக்கொண்டேன், கெட்டால் அதை மட்டும் திருத்த. முடிக்கு லேயர் மாஸ்க். அழிப்பானால் அழித்தால் போனது போனதுதான். மாஸ்க்கில் கறுப்பு அடித்தால் மறையும், வெள்ளை அடித்தால் திரும்ப வரும். மெல்லிய பிரஷ்ஷில் அப்பத்தாவின் முடியை ஒவ்வொரு இழையாகத் திரும்ப வரவழைத்தேன். நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து ஒருத்தரின் நரைமுடியை உருப்பெருக்கிப் பார்ப்பது ஒரு மாதிரிதான் இருந்தது. வகிடு இவ்வளவு கோணலாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முகத்தில் செய்தது ஒன்றே ஒன்று. வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்ததால் இடது கன்னம் இருட்டாக இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற 'கர்வ்ஸ்' கோட்டை இருட்டுப் பக்கத்தில் மயிரிழை தூக்கினேன். நிறத்தைத் தொடவில்லை.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு இந்தக் கன்னத்து வேலையைப் போனில் ஸ்னாப்சீட் என்ற ஆப்பிலேயே செய்யலாம். 2012-லிருந்து கூகுளுடையது, விளம்பரம் இல்லை, காசில்லை. அதில் 'செலக்டிவ்' என்று ஒன்று. கன்னத்தைத் தொட்டு விரலை இழுத்தால் அந்த இடம் மட்டும் வெளுக்கும் அல்லது கறுக்கும். செய்த ஒவ்வொன்றையும் பிறகு பட்டியலாகப் பார்த்து, வேண்டாததை எடுத்துவிடலாம். போனில் ஒரே ஒரு ஆப்தான் வைப்பேன் என்கிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான்.

பிரிண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சட்டம் போட்டு மாட்டுகிற 12-க்கு 18 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி வைத்தாலும் 2400-க்கு 3600 பிக்சல் வேண்டும். பிளெக்ஸ் பெரிது என்று பயப்பட வேண்டாம், தூரத்திலிருந்து பார்ப்பது. நாலடி அகலத்துக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால் 3456 பிக்சல். இப்போதைய போன் படம் ஏறக்குறைய அதற்குக் காணும். கெடுப்பது வாட்ஸப். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், சுருங்கியதை நாலடிக்கு இழுத்தால் சித்தப்பா கதைதான். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பத்தா முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் இரண்டு தண்டட்டியையும் தொட்டுப் பார்த்தது, அப்புறம் கைப் பச்சையை. கடைசியில்தான் முகத்துக்கு வந்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

"எங்காத்தா மாதிரி இருக்கேன்" என்றது. பழைய சேலைக்குள் சுருட்டி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியது.

பங்குனியில் ஒரு நாள் மறுபடி கடையில் வந்து நின்றது. கூடவே ஒரு சேக்காளி. அந்தம்மாவுக்கும் அதே மாதிரி படம் வேண்டுமாம். ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தேன். திரையில் பார்த்ததும் அந்தம்மா அப்பத்தா காதில் என்னவோ சொன்னது. மகன் வெளிநாடு போக வேண்டும் என்று தண்டட்டியை விற்றது, அப்புறம் தொங்குகிற காதையும் தைத்து ஒட்ட வைத்தது. இப்போது சின்னதாக ஒரு கம்மல். "படத்துலயாச்சும் அதப் போட முடியுமான்னு கேக்குறா" என்றது அப்பத்தா.

"இல்லாதத நான் சேக்குறதில்ல அப்பத்தா" என்றேன்.

"இல்லாததா? நாப்பது வருசம் போட்டிருந்தா, நான் பாத்திருக்கேன். என்னோடதத் தூக்கிப் போடு. கம்ப்யூட்டர்ல தான, தேஞ்சா போகுது?"

பழைய ஃபைலைத் திறந்தேன். தண்டட்டி லேயர் இரண்டும் அப்படியே இருந்தன. நகலெடுத்து அந்தம்மாவின் காதுப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தரத்தில் தொங்கியது.

"காதையும்ல நீட்டணும்" என்றேன்.

அந்தம்மா முதன்முதலாக வாயைத் திறந்தது. "நீட்டுத்தா."